சுழி மாட்டுக்கு, சீக்கு அண்ணனுக்கு

போன மாதம் ஒரு நாள் காலையில், என் அண்ணன் முதுகில் சிங்கத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

நிஜமாகவே சிங்கம்தான். காவியைக் குழைத்து எழுதிய சிங்கம். அகரத்திலிருந்து பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்து, நாகல் நகரில் எங்கள் வாசலில் வந்து இறங்கியவர், நாற்காலியில் சாய மாட்டேன் என்கிறார். நுனியில் உட்கார்ந்து நெளிகிறார். சட்டையின் பின்பக்கம் செக்கச்செவேல் என்று கறை. 

"என்னண்ணே, ரத்தமா?"

"ரத்தமில்ல தாயி. அக்கி. வேளார்கிட்ட எழுதிட்டு வாரேன்."

மெட்ராஸ் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. உடம்பில் ஒரு பக்கமாகக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, நெருப்புப் பட்டதுபோல் எரிந்தால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் அக்கி. மண்பானை செய்யும் வேளாரிடம் போனால், அதன் மேல் காவியால் சிங்கம் எழுதிவிடுவார். சிங்கத்தைக் கண்டு அக்கி ஓடிவிடும் என்பது நம்பிக்கை. அக்கி ஓடுகிறதோ இல்லையோ, சட்டை போய்விடும்.

ஆனால் அண்ணன் அக்கிக்காக வரவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தாயி, டவுன்ல மாடு வாங்குற ஆளு யாராச்சும் தெரியுமா? ஒரு செவலை நிக்கிது. ஒங்க மதினிக்குத் தெரியாமத் தள்ளிவிடணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதினிக்குத் தெரியாமலா? இவரா? பற்பொடி தீர்ந்துபோனால்கூட மதினியைக் கேட்டுவிட்டுத்தான் வேப்பங்குச்சி ஒடிக்கிற மனுஷர்!

என் அண்ணன் அழகர்சாமி அகரத்தில் பூ விவசாயம் செய்கிறார். செவ்வந்தி, கனகாம்பரம், கொஞ்சம் மல்லி. பூமிக்கு அவர் முதலாளி. வீட்டுக்கு மதினி பேச்சியம்மாள் முதலாளி. மாடு, கன்று, பால் சொசைட்டி, உறவுமுறை, கோர்ட்டு கச்சேரி எல்லாம் மதினி இலாகா. அண்ணன் நல்லவர். ஆனால் வாயைத் திறந்து பெண்டாட்டியை ஒரு நல்ல வார்த்தை சொன்னார் என்று சரித்திரம் கிடையாது. குழம்பு ருசியாக இருந்தால் 'இன்னைக்கு ஒறப்பு கம்மி' என்பார். அதுதான் அவருடைய உச்சபட்சப் பாராட்டு.

"ஏன்ணே விக்கணும்?"

சொன்னார்.

அந்தச் செவலை, ஒட்டன்சத்திரம் பக்கத்துச் சந்தையில் பிடித்து வந்த ஜெர்சிக் கலப்பு. பால் மாடு, கூடவே கன்று. லாரியில் வேறு மாடுகளோடு நெருக்கியடித்து ஏற்றி, அகரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். வந்த நாலைந்து நாளில் காய்ச்சல். மூக்கில் ஒழுக்கு, இரைப்பு. தீவனத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பால் நின்றுபோனது.

மாட்டைப் பார்க்கச் சின்னச்சாமி மாமா வந்தார். அகரத்தில் சுழி சாஸ்திரத்துக்கு அவர்தான் அத்தாரிட்டி. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி எங்கள் பக்கம் மாட்டுக்குச் சுழி பார்ப்பார்கள். மாட்டின் உடம்பில் ரோமம் சுழித்திருக்கும் இடங்களுக்கெல்லாம் பெயர் உண்டு, பலன் உண்டு. லட்சுமி சுழி, கோபுரச் சுழி இருந்தால் குடும்பம் விருத்தி. துடைப்பச் சுழி இருந்தால் வீட்டைத் துடைத்துவிடும். பாடைச் சுழி... வேண்டாம், பெயரிலேயே இருக்கிறது.

மாமா செவலையின் ரோமத்தை ஒதுக்கி ஒதுக்கிப் பார்த்தாராம். திடீரென்று கையை எடுத்துக்கொண்டு ரெண்டு எட்டுப் பின்னால் போனாராம்.

"ஏலே அழகரு... இது பெண்டிழந்தான் சுழிடா."

இந்தச் சுழி உள்ள மாட்டை எவன் கட்டுகிறானோ, அவன் பெண்டாட்டியைப் பறிகொடுப்பான் என்று அர்த்தம். தரகன் இதை மறைத்து விற்றுவிட்டான் என்றார் மாமா.

அன்றைக்குப் போனதுதான் அண்ணனுக்குத் தூக்கம். மதினி தும்மினால் இவருக்கு உடம்பு தூக்கிப் போடுகிறது. மதினி கிணற்றுப் பக்கம் போனால் பின்னாலேயே போகிறார். சோறு இறங்கவில்லை. இப்படியே மூன்று வாரம். அப்புறம்தான் முதுகில் அக்கி.

"மதினிகிட்ட சொன்னீகளா?"

"சொன்னேன். சிரிக்கிறா தாயி. மாட்டை விக்க மாட்டேங்கிறா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சின்னச்சாமி மாமா மேல், தரகன் மேல், பயந்து நடுங்கும் இந்த அண்ணன் மேல். ஆனால் ஆளைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னம் ஒட்டிப்போய்... திட்ட மனசு வரவில்லை. முதலில் எங்கள் தெரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரோஸ் கலர் லோஷனும் வலி மாத்திரையும் எழுதினார். "சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?" என்று கேட்டார். போட்டது. அந்த அம்மைக் கிருமிதான் நரம்பின் அடியில் இத்தனை காலம் ஒளிந்திருந்து, உடம்பின் காவல் தளர்ந்த நேரத்தில் எழுந்து வந்திருக்கிறது என்றார். "சமீபத்துல பெரிய கவலை ஏதும் உண்டா?" என்று அடுத்த கேள்வி. அண்ணன் கூரையைப் பார்த்தார்.

அன்றைக்கு மத்தியானமே அவரோடு நானும் அகரத்துக்குக் கிளம்பினேன்.

போனால், மாட்டுக் கொட்டத்தில் மதினியோடு ஒரு இளைஞர். பக்கத்தில் மொபெட். இத்தனை நாள் ஆள் இல்லாமல் கிடந்த அரசாங்க மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர். பழனிப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. படித்து முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. ஒரு கேள்வி கேட்டால் ஒரு பாடமே நடத்துகிறார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"மாட்டுக்கு என்ன டாக்டர்?"

"பயமுங்க அக்கா."

"பயமா? காய்ச்சல்னாங்க?"

"காய்ச்சல் அப்புறந்தானுங்க. மொதல்ல பயம். ஏனுங்க, சந்தையில நாள் பூரா வெயில். அப்புறம் லாரி. எறங்குனா புது ஊரு, புதுத் தண்ணி, புது ஆளு. அதுக்கு என்ன தெரியுமுங்க? கொல்லத்தான் கொண்டுபோறாங்கன்னு நெனைச்சிருக்கும். மூக்குல சும்மா குடியிருந்த கிருமி, ஆளு அசந்த நேரம் பார்த்து நெஞ்சுக்கு எறங்கிருச்சுங்க."

அதன் பிறகு அவர் சொன்னதை நான் என் பாஷையில் சொல்கிறேன்.

மூளையின் அடிப்பக்கத்தில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சின்ன இடம். பயம் வந்தால் அது பக்கத்திலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி சொல்லும். பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சேதி அனுப்பும். அட்ரினல் உடனே கார்ட்டிசால் என்ற ஹார்மோனை ரத்தத்தில் ஊற்றும். எதற்கு? ஓடவோ சண்டை போடவோ உடம்பில் உள்ள சத்தையெல்லாம் திரட்ட! மற்ற வேலைகளுக்கெல்லாம் அந்த நேரத்தில் லீவு. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களுக்கும் 'அடங்கி இரு' என்று உத்தரவு. பயம் சீக்கிரம் தீர்ந்துவிட்டால் இது பிரமாதமான ஏற்பாடு. தீராமல் வாரக்கணக்கில் இழுத்தால்? காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்துபோட்ட வீடுதான்.

அட, இதில் பாதி நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதானே! பழகாத கை பட்டால் மாடு பாலை எக்கிக்கொள்ளும், இறக்காது என்று எந்த விவசாயிக்குத் தெரியாது? முன்பு வைத்திருந்த மாட்டுக்கு மதினியின் கைதான் பழக்கம். மதினி பிறந்த வீட்டுக்குப் போனால், என் அண்ணன் மதினியின் சேலையைச் சுற்றிக்கொண்டு, முக்காடு போட்டுக்கொண்டு பால் கறக்க உட்காருவார். மீசையோடு! அந்த வாசனையில் மாடு பயம் தெளிந்து பாலை விடும். மனசு சொன்னால் மடி கேட்கும் என்று தெரிந்து வைத்திருக்கும் நாம், மனசு சொன்னால் ரத்தமும் கேட்கும் என்பதை மட்டும் யோசித்ததே இல்லை.

இன்னொன்றும் சொன்னார் டாக்டர். எனக்கு அதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. இந்தச் சேதிப் போக்குவரத்து ஒருவழிப் பாதை இல்லையாம். கிருமியைக் கண்ட வெள்ளை அணுக்கள் மூளைக்கு ரசாயனத்தில் பதில் போடுகின்றனவாம். 'இங்கே சண்டை நடக்கிறது, ஒத்துழைப்புத் தேவை.' மூளை உடனே உடம்புச் சூட்டை ஏற்றுகிறது. பசியை நிறுத்துகிறது. படு, சுருண்டு கொள், எவரோடும் சேராதே என்கிறது. சண்டை எல்லை மீறிப் போனால் அடக்கிவைக்க மறுபடி அதே கார்ட்டிசாலை அளவாக அனுப்பச் சொல்கிறது. இதையெல்லாம் வெளிநாட்டில் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வருகிறார்களாம்.

செவலையைப் பார்த்தேன். தலையைத் தொங்கப்போட்டு, காதைத் தளர்த்தி, மூலையில் நின்றது. மூதேவி பிடித்த மாடு என்று தெருவே சொன்ன அந்தக் கோலம், உள்ளே ஒரு பெரிய படை முறையாக வேலை செய்வதன் அடையாளம்! எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அதற்குள் டாக்டரின் கண் அண்ணனின் சட்டைக் கறையில் விழுந்தது. விசாரித்தார். சிரித்தார்.

"நான் மாட்டு டாக்டருங்க. மனுஷனுக்கு வைத்தியம் சொல்லக் கூடாதுங்க. ஆனா செவலைக்கு வந்ததுதானுங்க அண்ணனுக்கும்."

மதினி விடுவாரா? "அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே ஊசியாப் போட்டு விட்டுருங்க டாக்டரு" என்றார்.

டாக்டர் ஊசியைப் போட்டார், மாட்டுக்கு மட்டும். ஒரு வாரத்துக்குத் தொடர்ந்து மருந்து. அதைவிட முக்கியம், மாட்டை இடம் மாற்றக் கூடாது, விரட்டக் கூடாது, வேடிக்கை பார்க்க ஆள் கூட்டக் கூடாது. "இன்னொரு தடவை லாரியில ஏத்துனா இது தாங்காதுங்க" என்றார்.

அவர் சொல்லி வாயை மூடவில்லை. வாசலில் செருப்புச் சத்தம். சின்னச்சாமி மாமா. கூடவே கையில் கயிறோடு ஒரு ஆள்.

"ஏலே அழகரு, நீ எதுக்குடா டவுனுக்கெல்லாம் அலையிற? நானே ஆளக் கொண்டாந்துட்டேன். லாரி ரோட்டுல நிக்கிது."

அண்ணன் மதினியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். சீக்கு மாட்டைத் தேடி வந்து வாங்குகிறவர் பால் கறக்க வாங்க மாட்டார். அந்த லாரி எங்கே போகிற லாரி என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"செத்த நேரம் இருங்க மாமா" என்றேன். "சுழின்னு சொல்றீகளே, என்ன சாட்சி?"

"சாட்சியா? இதுக்கு முந்தி வச்சிருந்த ஆயக்குடிக்காரன் வீட்டுக்குப் போனப்பவும் இது இப்படித்தான் படுத்துச்சாம். தரகன மடக்கிக் கேட்டேன்ல. அதுக்கு முந்தி வச்சிருந்தவன் வீட்லயும் அதே கதை. வந்ததும் படுக்கும். வித்துருவாக. போற எடமெல்லாம் சீக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

டாக்டர் துள்ளிக் குதித்தார். "ஏனுங்க பெரியவரே, விக்கிறதாலதானுங்க சீக்கே வருது! சீக்கு வந்தா விக்கிறீங்க. வித்தா சீக்கு வருது. பாவமுங்க அது!"

நான் விடவில்லை. "சரி மாமா, ஆயக்குடிக்காரர் சம்சாரம் போயிட்டாகளா?"

"இல்ல... நல்லாத்தான் இருக்காகளாம்."

"அதுக்கு முந்தினவர் சம்சாரம்?"

"அவுகளும் இருக்காக." மாமா அசரவில்லை. "அதான் காலா காலத்துல வித்துட்டாகள்ல? தப்பிச்சுட்டாக!"

இந்தத் தர்க்கத்தை எந்த வக்கீலாவது உடைக்க முடியுமா? மாட்டை வைத்திருந்தால் பெண்டாட்டி சாவாள். சாகவில்லையென்றால் மாட்டை விற்றதால் சாகவில்லை. சபாஷ் மாமா!

கயிற்றுக்காரர் கொட்டத்துக்குள் காலை வைத்தார். செவலை மிரண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. மதினி போய் மாட்டுக்கு முன்னால் நின்றார். சத்தமெல்லாம் போடவில்லை.

"கயித்தக் கீழ போடுங்க."

"பேச்சி, சொன்னாக் கேளு. சுழி பொல்லாதது" என்றார் மாமா.

"சாகப் போறது யாரு மாமா? நான்தானே? நானே பயப்படல. மத்தவுகளுக்கு எதுக்கு இம்புட்டு நடுக்கம்? ஒரு வாயில்லாச் சீவன், நாலு எடம் மாறி, நடுங்கிப்போயி நம்ம வீட்டுல வந்து நிக்கிது. என் உசுரு போயிரும்னு அதோட உசுரப் பறிச்சா, அப்புறம் நான் இருந்து என்னத்துக்கு?"

 இப்படி ஒரு வார்த்தையை நான் படித்த புத்தகங்களில் பார்த்ததில்லை. தன் சாவைச் சொல்கிற மாட்டுக்குக் காவல் நிற்கிறார் ஒருத்தர்! அவர் என் மதினி!

அப்போதுதான் அண்ணன் வெடித்தார்.

"ஒனக்கென்னடி பயம்? நீ பாட்டுக்குப் போயிருவ! இருக்கப்போறது நான்ல? நீ இல்லாத வீட்டுல நான் எப்புடிடி இருப்பேன்? யாருகிட்டப் பேசுவேன்? காலைல எந்திரிச்சு யாரு மொகத்துல முழிப்பேன்?"

சொல்லிவிட்டுக் கேவிக் கேவி அழுதார். மாமா இருக்கிறார், கயிற்றுக்காரர் இருக்கிறார், அரசாங்க டாக்டர் இருக்கிறார். எதையும் பார்க்கவில்லை. மூன்று வாரமாக அவர் நெஞ்சில் அடைத்து வைத்திருந்த அத்தனையும் வெளியே வந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. டாக்டர் திரும்பி நின்று மொபெட்டின் டயரைப் பரிசோதித்தார்.

மதினி அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் போய், முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார்.

"அழுகாதிக. முதுகு இழுக்கும்."

அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "மாடும் இங்கிட்டுத்தான் இருக்கும், நானும் இங்கிட்டுத்தான் இருப்பேன். வந்தவுக காப்பித்தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றார். கயிற்றுக்காரர் காப்பிகூடக் குடிக்கவில்லை. மாமா குடித்தார்.

மதினி அன்றிலிருந்து செவலையின் பக்கத்தில் வேறு யாரையும் விடவில்லை. தன் பழைய சேலையொன்றைத் தொட்டி மேல் போட்டு வைத்தார். கன்றைக் கண்ணில் படும்படி கட்டினார். கையால் கஞ்சி ஊட்டினார். மருந்து ஒரு பக்கம், மதினி ஒரு பக்கம். மெல்ல மெல்ல மாடு அசை போட ஆரம்பித்தது. காது நிமிர்ந்தது. இப்போது அதன் பால் சொசைட்டிக்குப் போகிறது.

அண்ணனுக்கு? அன்றைக்கு ராத்திரியே அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாராம். அக்கி காய்ந்து உதிர்ந்துவிட்டது. மனசைத் திறந்து பேசியதால்தான் ஆறியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அக்கி தானாகவே ஆறக்கூடியது, மருந்தும் உண்டு. வேளார் தன் சிங்கம்தான் என்கிறார். ஆளுக்கொரு பங்கு இருந்துவிட்டுப் போகட்டும். தூங்காதவன் உடம்பு தேறாது என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரு உறுத்தல். புது மருமகள் வந்த மாதத்திலேயே காய்ச்சலில் படுத்தால் 'சீக்காளியைத் தலையில் கட்டிவிட்டார்கள்' என்கிறோம். ஹாஸ்டலில் விட்ட பிள்ளை இருமினால் 'நோஞ்சான்' என்கிறோம். டிரான்ஸ்ஃபரில் வந்த குமாஸ்தா அடிக்கடி லீவு போட்டால் 'ஏமாற்றுகிறான்' என்கிறோம். லாரியில் ஏற்றி இறக்கியது நாம்தானே? யாராவது அவர்கள் பக்கத்தில் ஒரு பழைய சேலையைப் போட்டு வைத்தோமா?

சின்னச்சாமி மாமா போன வாரம் வந்து மறுபடி ரோமத்தை ஒதுக்கிப் பார்த்தாராம். அன்றைக்கு வெளிச்சம் பற்றவில்லையாம். இது லட்சுமி சுழியின் ஜாடையில் இருக்கிறதாம்.

மதினியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். மதினி சிரிக்கவில்லை.

"எந்தச் சுழியா இருந்தா என்னம்மா? கட்டுன நாள்லருந்து ஒங்கண்ணன் மனசுல நான் இருக்கேனா இல்லையான்னு தெரியாமத்தான் இருந்தேன். அதை அவர் வாயால சொல்ல வைக்க ஒரு மாடு வர வேண்டியிருந்துச்சு."

அண்ணாச்சிமார்களே... உங்கள் வீட்டில் அதைச் சொல்ல, சந்தைக்குப் போய்க்கொண்டிருக்காதீர்கள்!